ஹலால்கோர்: உயர்த்துவதற்காக வைத்த ஒரு பெயர்

ஹலால் என்ற சொல் இன்று நம் கண்ணில் படும் இடங்கள் இரண்டே. ஒன்று இறைச்சிக் கடையின் பெயர்ப்பலகை. மற்றொன்று உணவுப் பொட்டலத்தின் மூலையில் உள்ள சிறு முத்திரை. அச்சொல்லைச் சுற்றி நடக்கும் சண்டையும் அந்த அளவுக்கே சுருங்கிவிட்டது. 2021 ஜனவரியில் மத்திய அரசின் வேளாண் உணவுப் பொருள் ஏற்றுமதி ஆணையம் தன் இறைச்சிக் கையேட்டிலிருந்து அச்சொல்லை நீக்கியது. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு, ஏற்றுமதிக்கானவை நீங்கலாக, ஹலால் சான்றிதழ் பெற்ற பொருட்களின் விற்பனையைத் தடை செய்தது. இவ்விரண்டையும் பற்றி இரு தரப்பிலும் வேண்டிய அளவு எழுதியாயிற்று. நான் எழுத வந்தது வேறொன்று. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இச்சொல் இந்தியாவில் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராகவும் இருந்துவருகிறது. இறைச்சியைப் பற்றிய விவாதத்தில் அவர்கள் பெயர் அடிபடுவதே இல்லை. வட இந்தியாவின் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக மலம் அள்ளியவர்கள் அவர்கள். பெயர், ஹலால்கோர்.

மார்க்கம் அனுமதித்ததைக் குறிக்கும் ஓர் அரபுச் சொல், ஊரே தீண்ட மறுத்த மனிதர்களின் பெயராக எப்படி ஆனது? அதைச் சொல்வதற்குச் சற்றுத் தொலைவிலிருந்து, சொல்லின் வேரிலிருந்து, தொடங்க வேண்டும்.

அரபு மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களாலான வேரிலிருந்து கிளைப்பவை. ஹலாலின் வேர் ஹ-ல-ல. முதலெழுத்து தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் ஹகரம்; பிறையைக் குறிக்கும் ஹிலால் வேறொரு ஹகரத்தில் தொடங்குவதால் அதற்கும் இதற்கும் உறவில்லை. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், அவ்வளவே. இவ்வேரின் அடிப்படைப் பொருள் அவிழ்த்தல். முடிச்சை அவிழ்ப்பது, பயணி ஒட்டகத்தின் சுமையை அவிழ்த்து இறக்கி ஓரிடத்தில் தங்குவது, கடன் திருப்பித் தரவேண்டிய தவணை வந்து சேர்வது ஆகிய எல்லாம் இதிலிருந்து வந்தவை. சுமையிறக்கித் தங்கும் இடம் மஹல். அதுவே பாரசீகத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்து அரண்மனையாயிற்று. தாஜ்மகாலிலும் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலிலும் இருப்பது அதே வேர்தான். பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்பைத் தமிழ் முஸ்லிம்கள் மஹல்லா என்கிறார்களே, அதுவும் இதன் கிளை. இந்தியில் தீர்வைக் குறிக்கும் ‘ஹல்’ என்ற சொல்லும் இவ்வேரினதே. சிக்கலை அவிழ்ப்பதாக நாமும் சொல்வதுண்டல்லவா?

ஆகவே ஹலால் என்றால் கட்டவிழ்ந்தது, தடையற்றது. அதன் எதிர்ச்சொல்லான ஹராமும் நாம் எண்ணுவதுபோல அசுத்தம் என்ற பொருளில் பிறந்ததன்று. ஹ-ர-ம என்ற வேருக்கு ஒதுக்கி வைத்தல், தடுத்துக் காத்தல் என்று பொருள். மக்காவின் பெரும் பள்ளிவாசலுக்குப் பெயர் மஸ்ஜிதுல் ஹராம். போர் விலக்கப்பட்ட மாதங்களில் ஒன்று முஹர்ரம். தூய்மை, அசுத்தம் என்ற இணைக்கு இஸ்லாமியச் சட்டவியலில் வேறு சொற்கள் உண்டு. அவை தாஹிர், நஜிஸ். இரண்டு இணைகளும் ஒன்றல்ல. திருடிய ரொட்டி தாஹிர்தான், தூய்மையானதுதான். ஆனால் ஹலால் அன்று. சாக்கடையில் இறங்கியவர் உடலில் நஜிஸ் ஒட்டியிருக்கும். குளித்தால் அது போய்விடும். அவர் வாங்கிய கூலியோ குளிப்பதற்கு முன்பும் ஹலால், பின்பும் ஹலால். தமிழ் முஸ்லிம்கள் இச்சொல்லை மொழிபெயர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மார்க்க நூல்களில் அவர்கள் ‘ஆகுமானது’, ‘ஆகுமாக்கப்பட்டது’ என்று எழுதினார்கள். தூய்மை என்ற வாடையே படாத பெயர்ப்பு அது. ஆகும், ஆகாது என்று முடிந்துவிடுகிறது.

அரபு எல்லையைத் தாண்டிய பிறகு இச்சொல் சாப்பாட்டுத் தட்டோடு நின்றுவிடவில்லை. மனிதருக்கு மனிதர் உள்ள உரிமையையும் கடனையும் பேசும் சொல்லாக அது பல மொழிகளில் வளர்ந்தது. துருக்கியில் சவ அடக்கத்தின்போது இமாம் கூடியிருப்போரிடம், இறந்தவர் மேல் உங்களுக்குள்ள உரிமையை ஹலாலாக்கிவிட்டீர்களா என்று கேட்பார். ‘ஹெலால் ஓல்சுன்’ என்பார்கள் மக்கள். உன் கடன் அவிழ்ந்தது, போய் வா என்பது கருத்து. இந்தோனேசியாவில் நோன்புப் பெருநாளுக்குப் பின் அலுவலகங்களிலும் தெருக்களிலும் ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்ளும் கூட்டம் நடக்கும். அதற்குப் பெயர் ‘ஹலால் பி ஹலால்’. அரபுபோல் ஒலிக்கும் இத்தொடர் அரபியருக்குப் புரியாது. முழுக்க அங்கே உருவானது. துருக்கியரிடமிருந்து இச்சொல்லைப் பெற்ற ருமேனிய மொழியில் அது ஏளனமாகவே மாறிவிட்டது. ‘ஹலால்’ என்று முன்னே சேர்த்து நண்பன் என்றால், நல்ல நண்பன் போ என்று பொருள்.

இந்தியாவில் அது உப்போடு சேர்ந்தது. ஒருவர் உப்பைத் தின்றவர் அவருக்கு உண்மையாக இருந்து அக்கடனைத் தீர்த்தால் அவர் நமக்ஹலால், காட்டிக்கொடுத்தால் நமக்ஹராம். நம் செஞ்சோற்றுக் கடன் என்ற கருத்துக்கு இவ்வளவு அருகில் வரும் வேறொரு தொடர் வடமொழிகளில் உண்டா என்பது ஐயமே. 1757இல் பிளாசியில் சிராஜுத்தௌலாவைக் கைவிட்ட மீர் ஜாஃபரின் முர்ஷிதாபாத் மாளிகை வாயிலை ஊர்மக்கள் இன்றும் ‘நமக்ஹராம் தேவ்டி’ என்றே அழைக்கிறார்கள். 1973இல் ‘நமக் ஹராம்’, 1982இல் ‘நமக் ஹலால்’ என்று இந்தித் திரைப்படங்கள் வந்தபோது யாரும் அகராதி பார்க்கவில்லை. அன்றாடப் பேச்சில் இது இன்னும் எளிமையானது. வாங்கும் சம்பளத்துக்கு ஒழுங்காக வேலை செய்வதை இந்தியில் சம்பளத்தை ஹலாலாக்குவது என்பார்கள். உழைத்துச் சம்பாதித்தது ஹலால் கமாயீ. உழைக்காமல் தின்பவன் ஹராம்கோர்.

அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கும் ‘கோர்’ என்பதுதான் நம் கதைக்குத் திறவுகோல். பாரசீகத்தில் அதற்குத் தின்பவர் என்று பொருள்; பெயரின் பின்னே ஒட்டி நிற்கும். ஆதம்கோர் என்றால் ஆட்கொல்லி விலங்கு. ஆனால் உருது, இந்தியில் புழங்கும் பல கோர்களில் வாய்க்கு வேலையே இல்லை. வட்டி வாங்கிப் பிழைப்பவர் சூத்கோர், லஞ்சம் வாங்குபவர் ரிஷ்வத்கோர், ஓசியில் காலம் தள்ளுபவர் முஃப்த்கோர். வட்டியையோ லஞ்சத்தையோ யாரும் மென்று விழுங்குவதில்லை. பிழைக்கும் வழியை உண்பதாகச் சொல்வது நமக்கும் பழக்கம்தானே, லஞ்சம் தின்கிறான் என்று! இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ஹலால்கோர் என்பதற்கு நேர்பொருள் ஒன்றே ஒன்று: நேர்மையாக உழைத்து உண்பவர்.

இப்பெயரின் தொடக்கத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதன்மையான சான்று அபுல் ஃபஸல் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆயினே அக்பரி. பெருக்குவோரை இந்துஸ்தானத்தில் ஹலால்கோர் என்பார்கள் என்றும், அப்பெயரை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பேரரசர் அக்பரே என்றும் அவர் குறிப்பிடுகிறார். நம்பக்கூடிய செய்திதானா? அக்பருக்குப் பெயர் மாற்றுவதில் ஒரு தனி ஆசை இருந்தது. உடைகளைப் பற்றிய பகுதியில் அபுல் ஃபஸல் ஒரு நீண்ட பட்டியலே தருகிறார். சால்வைக்குப் பரம்நரம், அதாவது மிகமிக மென்மையானது, காலணிக்குச் சரண்தரண், மேலங்கிக்கு உடல் முழுதும் மூடுவது என்ற பொருளில் சர்ப்காதி. பாரசீக அரசவையில் சமஸ்கிருத வாடை வீசும் இப்பெயர்களை அவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று நினைக்கையில் எனக்குச் சிரிப்பும் வருகிறது, மதிப்பும் வருகிறது. இன்று சால்வையை யாரும் பரம்நரம் என்பதில்லை. அந்தப் பெயர்களெல்லாம் அரண்மனைத் துணியறையோடு போயின. தெருவில் இறங்கி நிலைத்தது, துப்புரவு செய்தவர்களுக்கு இட்ட பெயர்தான்.

அக்பரே உருவாக்கினாரா, ஏற்கெனவே இருந்ததைப் பரப்பினாரா என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. ஆயினே அக்பரியை ஆங்கிலத்தில் பெயர்த்த பிளாக்மன் ஓர் அடிக்குறிப்பில் அந்த ஐயத்தை எழுப்புகிறார். ஆனால் ஒரு பழைய பெயரை விலக்கி இப்பெயர் வந்தது என்ற நினைவு மக்களிடையே இருந்திருக்கிறது. 1666 முதல் 1667 வரை இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சுக்காரர் தெவனோ இதைப் பதிவு செய்திருக்கிறார். பாரசீகம் மட்டுமே பேசுவோர் இவர்களை ஹலால்கோர் என்கிறார்கள். எதையும் தின்னும் உரிமை எடுத்துக்கொண்டவர் என்று சிலர் பொருள் சொல்கிறார்கள், நேர்மையாகச் சம்பாதித்ததை உண்பவர் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டாவது பொருளை ஏற்பவர்கள், இவர்களுக்கு முன்பு ஹராம்கோர் என்றே பெயர் இருந்ததாகவும் கூறுகிறார்கள் என்பது அவர் குறிப்பின் சாரம். ஒரு வெளிநாட்டார், சில மாதப் பயணத்தில், இரண்டு விளக்கங்களையும் கேட்டு இரண்டையும் எழுதி வைத்தார். மொழியாராய்ச்சி செய்வோர் கடன்பட்டிருக்க வேண்டிய மனிதர்.

மற்றவர்கள் அந்தப் பொறுமை காட்டவில்லை. அவருக்கு முன்பே, 1623இல், இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வால்லே ஓர் அரண்மனை வதந்தியை எழுதுகிறார். தன்னை மணக்க மறுத்த நூர் மஹலின் மேல் ஜஹாங்கீர் சினங்கொண்டு, வஞ்சம் தீர்ப்பதற்காக அவளை ஒரு ஹலால்கோருக்குக் கட்டாயமாக மணமுடிக்கப் பார்த்தாராம். கதை உண்மையோ பொய்யோ, அது சொல்லப்பட்ட விதத்தில் ஒன்று தெளிவாகிறது: அக்பர் இறந்து இருபது ஆண்டுகள் ஆவதற்குள், அவர் மகன் காலத்திலேயே, ஹலால்கோர் என்பது ஒருத்திக்குக் கொடுக்கக்கூடிய மிகக் கொடிய தண்டனையின் பெயராகிவிட்டது. தெல்லா வால்லே தரும் பொருள்விளக்கம், எதைத் தின்பதையும் ஆகுமென்று கொள்பவர் என்பது. 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி அதையே பின்பற்றி, எல்லா உணவும் ஆகும் என்ற குறிப்போடு தாழ்ந்த சாதியாருக்கு வழங்கும் நயச்சொல் என்கிறது. பிளாக்மனோ, பன்றி முதலிய விலக்கப்பட்டவற்றை உண்பவர் என்று நேராகச் சொல்லக் கூசி எதிர்ச்சொல்லால் சொன்னது என்கிறார்.

என் கணிப்பு தெவனோ குறித்த இரண்டாம் விளக்கத்தின் பக்கமே. சொல்லமைப்பு அதற்குச் சான்று. ஹராம்கோர் என்ற சொல் உழைக்காதவனையே குறிக்க, அதன் நேரெதிர்ச் சொல் மட்டும் ஏன் உணவுப் பழக்கத்தைக் குறிக்க வேண்டும்? ஆனால் மற்ற விளக்கங்களை வெறும் பிழை என்று தள்ளிவிடவும் முடியாது. இம்மக்களுக்குக் கூலியாகக் கிடைத்ததில் பெரும்பங்கு வீடுகளின் எச்சிற்சோறு. ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் தம் தன்வரலாற்றுக்கு ‘ஜூட்டன்’, எச்சில், என்று பெயரிட்டது காரணத்தோடுதான். உழைத்துப் பெற்ற கூலியே எச்சிலாக இருக்கும்போது, உழைத்து உண்பவர் என்ற பெயரைக் கேட்டவர்களுக்கு உழைப்பு மறைந்து உண்ட பொருள் மட்டுமே கண்ணில் பட்டது. பெயரைச் சூட்டியவர் அவர்கள் பிழைக்கும் வழியைப் பார்த்தார். கேட்டவர்கள் அவர்கள் தட்டைப் பார்த்தார்கள். ஹலாலும் ஹராமும் தூய்மையோடு ஒட்டாத சொற்களாயிருந்தும், தூய்மையைக் கொண்டே மனிதரை அடுக்கி வைத்த நாட்டில் அவையும் அந்த அடுக்கிலேயே வந்து விழுந்தன.

நம் இலக்கணத்தில் இத்தகைய பெயரிடலுக்கு மங்கலம் என்று பெயர். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்கினார். சுடுகாட்டை நன்காடு என்பதும் இறந்தாரைத் துஞ்சினார் என்பதும் மங்கலம். மங்கலச் சொற்களுக்கு ஆயுள் குறைவு என்பது மொழியியலில் நன்கு அறியப்பட்ட செய்தி. மூடி மறைத்த பொருளின் நாற்றம் கொஞ்ச காலத்தில் மூடியிலும் ஏறிவிடும். பிறகு புதிய மூடி தேட வேண்டும். நாற்றம் என்ற சொல்லே நறுமணத்திலிருந்து இறங்கி வந்ததுதான். இதை இழிபொருட்பேறு என்று பாடநூலில் படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம். ஆனால் நாற்றம் என்ற சொல் இழிந்ததால் எந்தப் பூவுக்கும் ஒன்றும் நேரவில்லை. மனிதர்மேல் சூட்டிய பெயரை அவ்வாறு ஒரு கலைச்சொல்லில் அடக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இங்கே சொல்லை இழுத்துக்கொண்டு இறங்கியது மொழியின் இயல்பா, தலையில் சுமந்த கூடையா?

ஹலால்கோர் தனிக்கதையும் அன்று. பாரசீகத்தில் ‘மேத்தர்’ என்றால் மேலானவர், பெரியவர். இந்துகுஷ் மலைப்பகுதியில் சித்ரால் அரசர்களின் பட்டமே மேத்தர். 1969இல் அச்சமஸ்தானம் பாகிஸ்தானில் முழுதும் கலக்கும் வரை அங்கே மேத்தர் என்றால் மன்னர். அதே காலத்தில் தில்லியிலும் லக்னோவிலும் மேத்தர் என்றால் மலக்கூடை சுமப்பவர். ‘ஜமாதார்’ என்பதற்குக் குழுத் தலைவர் என்று பொருள். 1965 வரை இந்தியப் படையில் அது ஓர் அதிகாரியின் பதவிப் பெயர்; வட இந்தியக் குடியிருப்புகளில் காலையில் வந்து கழிவறை கழுவுபவரை அழைக்கும் பெயரும் அதுவே. சித்ரால் அரசருக்கு மேத்தர் என்ற சொல் எந்த இழுக்கையும் கொண்டுவரவில்லை, லக்னோத் தொழிலாளிக்கு அது எந்த உயர்வையும் கொண்டுவரவில்லை. அரசர் தொடங்கி அண்டைவீட்டார் வரை அனைவரும் பெயரை மாற்றத் தயாராக இருந்தார்கள். கூடையை மாற்றத்தான் யாரும் இல்லை.

ஆங்கிலேயர் வந்தபின் இப்பெயர் ஓர் எதிர்பாராத இடத்தில் அச்சேறியது. 1888ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் சொத்தின்மீது விதிக்கும் வரிகளைப் பட்டியலிடுகிறது: பொது வரி, தண்ணீர் வரி, அவற்றோடு ஹலால்கோர் வரி. எந்தப் பகுதியில் கழிப்பிடங்களின் கழிவை அகற்றும் பணியை மாநகராட்சியே ஏற்கிறதோ அந்தப் பகுதி வீடுகளுக்கு இவ்வரி. ஆட்களின் பெயர் பணியின் பெயராகி, பணியின் பெயர் வரியின் பெயராயிற்று. பம்பாயின் பார்சி வணிகரும் குஜராத்தி வணிகரும் ஐரோப்பிய அதிகாரியும் ஆண்டுதோறும் தம் மலத்தை அள்ளுவதற்கான கட்டணத்தை, நேர்மையாக உண்பவர் என்ற அரபு பாரசீகச் சொல்லால் கட்டிவந்தார்கள். யாருக்கும் அதன் பொருள் உறுத்தியிருக்காது. பின்னாளில் அது கழிவுநீர் வரி என்று மாறியது. மக்கள்தொகை ஏடுகளிலும் வரிச்சீட்டுகளிலும் ஒரு சொல் இத்தனை ஆண்டுகள் அச்சாகியும், அதன் பொருளை ஒருவரும் வாசிக்காமல் போவது எளிது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

மக்கள்தொகை ஏடுகள் என்றேன். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் வங்காள மாகாண அறிக்கை, அன்று பீகாரும் ஒடிசாவும் அதில் அடக்கம், முஸ்லிம்களிடையே உள்ள பிரிவுகளை அஷ்ராஃப், அஜ்லாஃப், அர்ஸல் என்று வரிசைப்படுத்தியது. அர்ஸல் என்றால் கடையர். அந்தக் கடைசிப் பட்டியலில் ஹலால்கோர், லால்பேகி, மேத்தர் எல்லோரும் இருக்கிறார்கள். பிற முஸ்லிம்கள் இவர்களோடு பழகுவதில்லை, பள்ளிவாசலுக்குள் நுழையவும் பொது அடக்கத்தலத்தைப் பயன்படுத்தவும் இவர்களுக்குத் தடை என்கிறது அறிக்கை. 1940களில் அம்பேத்கர் பாகிஸ்தான் பிரச்சினையைப் பற்றி எழுதிய நூலில் இப்பகுதியை எடுத்துக்காட்டி, சாதி இந்துக்களின் தனிச்சொத்தன்று என்று வாதிட்டார். ஹலால் என்ற சொல்லைத் தந்த மார்க்கத்தின் தொழுகையிடத்திலேயே ஹலால்கோருக்கு இடமில்லை. அம்மார்க்கத்தின் சட்டம் இதற்கு இடந்தரவில்லை. நான் மேலே சொன்ன தாஹிர், நஜிஸ் விதிகளின்படி குளித்துவிட்டு வந்தவரைத் தடுக்க எந்தக் காரணமும் கிடையாது. தடுத்தவர்கள் அதை அறியாதவர்களும் அல்லர்.

இம்மக்களின் சமயத்தையே ஒற்றைச் சொல்லில் அடைப்பது கடினமாயிருந்தது. லால்பேகிகள் லால் பேக் என்ற முன்னோரைத் தம் ஞானியாக வழிபட்டனர். அவ்வழிபாட்டில் இந்து, இஸ்லாமிய மரபுகள் இரண்டின் சாயலும் உண்டு. கணக்கெடுப்பு அதிகாரிகள் இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவதென்று தடுமாறினார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஆரிய சமாஜத்தார் முதலியோரின் முயற்சியால் வால்மீகி என்ற அடுத்த பெயர் வந்தது. கூடவே இந்து என்ற அடையாளமும் வந்தது. ஹலால்கோர் என்ற பெயரோடு நின்றவர்கள் பெரும்பாலும் பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் முஸ்லிம்களாக நின்றார்கள். அன்று இந்தப் பிரிவு அவ்வளவு பெரிதாகப் பட்டிருக்காது. கூடை ஒன்றுதானே.

1950இல் அது பெரிதாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் விலக்குப் பெற்றனர். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் பெறவில்லை. இந்த வாதத்தை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். நான் சுட்டிக்காட்ட விரும்புவது பட்டியலை. பீகாரின் பட்டியல் சாதிகளை அகரவரிசையில் படித்துக்கொண்டே வந்தால் காசி என்ற சாதிக்கு அடுத்து ஹலால்கோர் என்று அச்சிட்டிருக்கிறது; சற்றுக் கீழே லால்பேகி. மகாராஷ்டிரப் பட்டியலில் மேத்தர், ஹலால்கோர், லால்பேகி, பால்மீகி எல்லாம் ஒரே பதிவுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, நானூறு ஆண்டுப் பெயர்மாற்ற வரலாற்றை யாரோ ஒரே வரியில் எழுதி வைத்ததுபோல. அரபு வேரும் பாரசீக விகுதியும் கொண்ட, முகலாய அரசவையின் பெயர் சூடிய, பெரும்பாலும் முஸ்லிம்களே தாங்கிய ஒரு பெயர் பட்டியலில் இருக்கிறது. அப்பெயரை உடைய முஸ்லிம் பட்டியலில் இல்லை.

பீகாரில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால் தனித்தொகுதியில் போட்டியிட முடியாது. சாதிப்பெயர் சொல்லி அடித்தால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்க முடியாது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கு 2004இலேயே வந்துவிட்டது, 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். மதத்தைக் கேட்காமல் இவர்களை ஏற்கும் ஏற்பாடுகள் மிகச் சில. மலம் அள்ளுதல் முதலிய தொழில்களில் இருப்போரின் பிள்ளைகளுக்கென 1977ஆம் ஆண்டு தொடங்கிய கல்வி உதவித்தொகை அவற்றில் ஒன்று. அதற்கு விண்ணப்பிக்கும் தகப்பன் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்பது பொருட்டன்று. அவர் என்ன வேலை செய்கிறார் என்பதைக் காட்டினால் போதும்.